வீட்டில் வெள்ளி வார்க்க எந்த வழி? எண்ணெய் மண், கடல்நுரை, மெழுகு, காஸ்டிங் பட்டறை: ஓர் ஒப்பீடு

கோபிசெட்டிபாளையத்து வாசகர் ஒருவர், தம் அம்மாயி (தாய்வழிப் பாட்டி) அணிந்திருந்த வெள்ளித் தண்டையை உருக்கித் தம் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பதக்கமாக வீட்டிலேயே வார்க்க விரும்புகிறார். திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், தாம் வரைந்த மெட்டி வடிவத்தை இருபது ஜோடி செய்து விற்க எண்ணுகிறார். பொள்ளாச்சி நண்பர் ஒருவரோ மெழுகு வார்ப்புக்கான மின்சூளை வாங்க முன்பணம் கட்டும் நிலையில் இருக்கிறார். மூவரும் கேட்பது ஒரே கேள்வியாகத் தோன்றினாலும், மூவருக்கும் விடை வேறு வேறு என்பதால்தான் இதை விரிவாக எழுத வேண்டியதாயிற்று.

கொங்கு நாட்டில் வார்ப்படம் புதிய தொழில் அன்று. கணபதி, பீளமேடு பக்கம் பம்புசெட்டுக்கான உறைகளை மண்ணில் வார்த்துப் பழகிய கைகள் ஏராளம்; கோவை ராஜ வீதி, பெரிய கடை வீதியை ஒட்டி நகைப் பட்டறைகள் உண்டு; சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பெயர் பெற்றது. ஆயினும் இரும்பு வார்க்கும் மண் அப்படியே நகைக்கு உதவாது. நகைப் பட்டறையின் எந்திரம் அப்படியே வீட்டுக்கு ஒவ்வாது. இவை இரண்டுக்கும் நடுவில், வீட்டின் பின்கட்டில் ஒருவர் என்ன செய்ய இயலும் என்பதை, நானே சில ஆண்டுகளாக வார்த்துப் பார்த்த அளவில் இங்கே எடைபோடுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் அளவுகோல் பொருளின் உருவம். ஒரு மாதிரியை மண்ணில் பாதி அழுத்தி, மறுபாதியின் மேல் மண்ணை இடித்து, பின் இரண்டையும் பிரித்து மாதிரியை வெளியே எடுக்கும்போது, அது மண்ணைப் பெயர்க்காமல் நேராகக் கழன்று வருமா என்று பார்க்க வேண்டும். பதக்கமும் தட்டையான மோதிரமும் கழன்று வரும். இதழ்கள் உள்நோக்கி மடிந்த பூவும், கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்க்கும் மயிலும் வாரா. இந்த உட்குடைவு ஒன்றே பாதி முடிவைச் செய்துவிடும்.

இரண்டாவது எண்ணிக்கை. ஒன்று செய்வதற்கும் இருபது செய்வதற்கும் இடையே உள்ளது அளவு வேறுபாடு மட்டுமன்று; முறையே மாறுகிறது.

மூன்றாவது, பலரும் கணக்கில் கொள்ளாத ஒன்று: முடங்கும் வெள்ளி. 10 கிராம் பதக்கத்துக்கு 10 கிராம் வெள்ளி போதாது. உலோகம் இறங்கும் வாய்க்காலும், அதன் மேல் தேங்கி நின்று அழுத்தம் கொடுக்கும் குமிழும் சேர்த்து 20 முதல் 25 கிராம் வரை உருக்கியாக வேண்டும். மிச்சத்தை வெட்டியெடுத்து மறுபடி உருக்கலாம் என்றாலும், ஒவ்வொரு முறையும் பாதிக்குப் பாதியாவது புது வெள்ளி சேர்ப்பது நல்லது. திரும்பத் திரும்ப உருக்கிய 92.5 வெள்ளியில் (நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு) நுண்துளைகள் பெருகுகின்றன. வெள்ளியின் விலை நாள்தோறும் மாறுவதால், இக்கட்டுரையில் செலவை ரூபாயில் கூறாமல் கிராமிலும் மணிக்கணக்கிலும் கூறுகிறேன்.

கடைசியாக, உங்களுக்கு வேண்டியது பொருளா, வார்க்கும் அனுபவமா என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் மதிப்புடையவையே. பொருள் மட்டும் வேண்டுவோர் நெருப்பு மூட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

## வீட்டு வழிகள் மூன்றுக்கும் பொதுவான செலவு

எந்த அச்சில் வார்த்தாலும் வெள்ளியை உருக்கித்தான் ஆக வேண்டும். தூய வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும்; 92.5 வெள்ளி 800 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கி 900 டிகிரியை ஒட்டி முழுதும் நீராகும். கேஸ் ஊதுகுழலும், வெண்காரம் (போராக்ஸ்) பூசிப் பழக்கிய மூசையும் (உலோகம் உருக்கும் கிண்ணம்) இருந்தால் முப்பது கிராம் வரை வீட்டில் தாராளமாக உருக்கலாம். அதற்கு மேல் போனால் ஆக்சிஜன் சேர்ந்த சுடரோ, கிராஃபைட் மூசை கொண்ட சிறு மின் உலையோ தேவைப்படும்.

உருகும் தருணத்தைக் கண் பழக்கிக்கொள்வதுதான் உண்மையான கல்வி. மூசையில் இட்ட வெண்காரம் முதலில் பொரிந்து உப்பி, பிறகு அடங்கிக் கண்ணாடிபோல் ஓடும். வெள்ளித் துண்டுகள் சிவந்து, ஓரம் மழுங்கி, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சட்டென ஒரே உருண்டையாகும். அப்போதும் அவசரப்படக் கூடாது. உருண்டையின் மேல் படிந்திருக்கும் மங்கலான ஆடை விலகி, மூசையைச் சற்று அசைத்தால் பாதரசம்போல் நடுங்கி, சுடரின் நிழல் அதில் ஆடுவது தெரிய வேண்டும். அதன்பின் பத்து விநாடிக்குள், சுடரை விலக்காமலேயே, ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். அதையும் கடந்து சூடாக்கினால் வேறொரு கேடு உண்டு: உருகிய வெள்ளி தன் கனஅளவைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு ஆக்சிஜனை விழுங்கிக்கொண்டு, உறையும்போது கக்குகிறது. நகையின் பரப்பில் ஊசி குத்தியதுபோல் துளைகள் வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மறைவான செலவுகளும் இங்கேதான் இருக்கின்றன. வீட்டுச் சமையல் சிலிண்டரை இதற்கு எடுக்கக் கூடாது. அது சமையலுக்கென்றே தரப்படுவது, அதன் ரெகுலேட்டரும் குறைந்த அழுத்தத்துக்கானது. ஊதுகுழலுக்குத் தனி சிலிண்டரும் உயர் அழுத்த ரெகுலேட்டரும் வேண்டும். உருகிய வெள்ளி சிமென்ட் தரையில் சிந்தினால், தரைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தரையே வெடித்துச் சிதறும்; ஆகவே உலர்ந்த மணல் நிரப்பிய இரும்புத் தட்டின் மேல்தான் எல்லா வேலையும் நடக்க வேண்டும். பருத்தி உடை, மூடிய காலணி, கண்ணாடி ஆகியவற்றில் சமரசம் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று கோவை, பொள்ளாச்சிப் பக்கம் ஊதுகுழல் சுடரை ஒரு நிலையில் நிற்க விடாது. திறந்த வாசலில் வேலை செய்வோர் அந்த மாதங்களில் மூன்று பக்கமும் செங்கல் அடுக்கி மறைப்பு வைத்துக்கொள்ள வேண்டும். காற்றுக்குப் பயந்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உருக்குவது அதைவிடப் பெரிய தவறு.

## முதல் வழி: எண்ணெய் மண் வார்ப்பு

நீர் கலந்த மண்ணில்தான் இரும்பு வார்ப்படம் நடக்கிறது. பெண்டோனைட் களிமண்ணும் நீரும் சேர்த்துப் பிசைந்த அந்த மண் நகைக்கு மிகவும் பருமன். அதன் ஈரமும் சிறிய வெள்ளி வார்ப்பில் ஆவியாகித் துளையிடும். நகைக்குரியது, நீருக்குப் பதில் எண்ணெயால் பிணைந்த நுண்மண். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரின் பெயரால் விற்கப்படும் மண் இவ்வகையைச் சேர்ந்தது. ஒருமுறை வாங்கினால் நெடுநாள் வரும். உலோகம் தொட்டுக் கருகிய பகுதியை மட்டும் சுரண்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மறுபடி பயன்படுத்தலாம்.

இந்த மண்ணை இடித்து நிரப்பும் அலுமினிய வளையங்கள் இரண்டையும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். மண் நழுவாதிருக்க உட்புறம் ஒரு மெல்லிய காடியும், இரு வளையமும் ஒரே இடத்தில் பொருந்த வெளிப்புறம் ஓர் அடையாளக் கோடும் போடச் சொன்னால் போதும். கோவையில் இருப்பவருக்கு இது ஒரு மாலை நேர வேலை.

செய்முறையில் கவனத்துக்குரியவை மாதிரியின் நேர்த்தியும் காற்றுப்போக்கும் ஆகும். நான் முதன்முதலில் வார்த்தது காங்கேயம் காளை உருவம் கொண்ட ஒரு பதக்கம். மரத்தில் செதுக்கி, நீர்க்காகிதத்தில் (நுண்ணிய உப்புத்தாள்) தேய்த்து, டால்கம் பவுடர் தூவி, மண்ணில் அழுத்தி எடுத்தபோது திமிலும் தாடையும் தெளிவாகப் பதிந்திருந்தன. வார்த்து உடைத்தபோது காளை வந்தது. கொம்பு இரண்டும் வரவில்லை. வெள்ளி குளிர்ந்துவிட்டது என்று எண்ணி அடுத்த முறை கூடுதலாகச் சூடாக்கினேன். கொம்பு அப்போதும் வரவில்லை. போதாக்குறைக்கு முதுகெல்லாம் துளை விழுந்தது. கொம்பின் நுனியில் சிறைப்பட்ட காற்று வெளியேற வழியில்லாததே காரணம் என்று பிறகுதான் புரிந்தது. இரு நுனியிலிருந்தும் மேல்நோக்கி மெல்லிய கம்பியால் ஒரு துளை போட்டு வார்த்த மூன்றாம் முறை, கொம்புகள் முழுதாக வந்து, அந்தத் துளைகளிலும் வெள்ளி ஏறி இரண்டு முடிபோல் நீட்டிக்கொண்டிருந்தது. அரத்தால் இரண்டு இழுப்பில் அவை போயின.

எவ்வளவு வெள்ளி வேண்டும் என்பதை மாதிரியின் கனஅளவிலிருந்து கணக்கிடலாம். மருந்து அளக்கும் குழலில் நீர் ஊற்றி, மாதிரியை ஊசியால் அழுத்தி மூழ்கடித்தால், நீர் எத்தனை மில்லி உயர்கிறதோ அதைப் 10.4-ஆல் பெருக்க வேண்டும். என் காளை 1 மில்லி, ஆகவே 10.4 கிராம், வாய்க்காலுக்கும் குமிழுக்கும் 12 கிராம், மொத்தம் 22 கிராமுக்குச் சற்று மேல். உறைந்து குளிரும்போது வெள்ளி ஏறத்தாழ 2 விழுக்காடு சுருங்குகிறது. பதக்கத்தில் இது தெரியாது. மோதிரத்தில் விரலுக்குத் தெரியும், எனவே மாதிரியைச் சற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும்.

மறைவான செலவு வார்த்த பிறகு வருகிறது. மண்ணின் சொரசொரப்பு பரப்பில் பதிந்திருக்கும், இரு வளையமும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடும். வார்ப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்தால், அரம், நீர்க்காகிதம், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்ப்பு என்று இரண்டு மூன்று மணி நேரம் போகும். கோவையில் வேண்டிய மட்டும் வார்ப்பட மண் கிடைக்கிறதே என்று அதைச் சலித்துத் தாமே எண்ணெய் கலக்க முனைவோருக்கு ஒரு வேண்டுகோள்: நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி ஆறாத நோயைத் தரவல்லது. சாதாரண பெண்டோனைட் நீரோடு பிணைவதுபோல் எண்ணெயோடு பிணையாது என்பதால் அந்தக் கலவை உதிரவும் செய்யும். இதில் சிக்கனம் வேண்டாம்.

## இரண்டாம் வழி: கடல்நுரை வார்ப்பு

கணவாய் மீனின் ஓட்டைத்தான் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிறார்கள். கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்ப்போர் கூண்டில் தொங்கவிடுவதும் இதையே. கடலில்லாத கொங்கு நாட்டிலும் எளிதில் கிடைக்கும். மென்மையான உட்புறத்தைத் தட்டையாகத் தேய்த்து, இரண்டு துண்டுகளுக்கு நடுவில் மாதிரியை வைத்து அழுத்தினாலோ, கத்தியால் நேரடியாகக் குடைந்தாலோ அச்சு தயார். வளையமும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்; இரண்டையும் கம்பியால் கட்டி நிறுத்தி ஊற்ற வேண்டியதுதான்.

ஓட்டின் இயற்கையான அடுக்குகள் வெள்ளியில் அலையலையான வரிகளாகப் பதியும். அந்த வரிகளை விரும்புவோருக்கு இதற்கு நிகரான வழி வேறில்லை. விரும்பாதோருக்கு இது குறையே. ஓர் ஓட்டில் ஒரே வார்ப்புதான். ஊற்றும்போது முடி கருகுவதுபோல் நாற்றம் எழும், பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் சிறியனவாகவும் உடைந்தும் இருப்பதால், முழு ஓடாகப் பொறுக்கி எடுத்து, ஐப்பசி மழை நாளில் ஈரம் ஏறாதவாறு உலர்வாக வைத்திருக்க வேண்டும். முதல் வார்ப்பைச் சோதித்துப் பார்க்க விரும்புவோருக்குக் குறைந்த முதலீடு இதுவே.

## மூன்றாம் வழி: வீட்டிலேயே மெழுகு வார்ப்பு

மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சு எழுப்பி, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை நம்முடைய பழைய முறை. சுவாமிமலைச் சிற்பிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி இன்றும் இவ்வாறே வார்க்கிறார்கள். நகைக்கு வண்டலுக்குப் பதிலாக, சிலிக்கா கலந்த தனி வகைப் பிளாஸ்டரைப் பயன்படுத்துகிறார்கள். எவ்வளவு உட்குடைவு இருந்தாலும், நகத்தால் கீறிய கோடாக இருந்தாலும், மெழுகில் உள்ளது அப்படியே வெள்ளியில் வரும். நுணுக்கத்தில் இதற்கு ஈடு வேறெதுவும் இல்லை. கணக்கும் எளிது: மெழுகின் எடையைப் பத்தரையால் பெருக்கினால் வெள்ளியின் எடை ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

ஆனால் பொள்ளாச்சி நண்பர் முன்பணம் கட்டுமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை சில உள்ளன. பிளாஸ்டரைக் கலந்த சில நிமிடங்களுக்குள் வெற்றிட எந்திரத்தில் வைத்துக் காற்றுக் குமிழ்களை நீக்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு குமிழும் நகையின் மேல் ஒரு வெள்ளி மணியாக வந்து நிற்கும். பிறகு சூளையில் படிப்படியாக 730 டிகிரி வரை ஏற்றி, மெழுகை முற்றிலும் எரித்து, மறுபடி இறக்கி வார்ப்பதற்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். இடையில் மின்தடை ஏற்பட்டால் அச்சு விரிசல் விடலாம். திறந்த பிளாஸ்டர் மூட்டை மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கெட்டுப்போகும். தூசோ, மேலே சொன்ன அதே சிலிக்காத் தூசு. சூளை, வெற்றிட எந்திரம், வார்க்கும் எந்திரம் என்று மூன்றையும் வாங்கியவர் மாதம் ஒரு மோதிரம் வார்த்தால் அந்த முதலீடு ஒருபோதும் திரும்பாது. வாரந்தோறும் வெவ்வேறு வடிவம் வார்ப்பவருக்கும், மூன்று நான்கு பேர் கூட்டாக ஒரே சூளையைப் பயன்படுத்துவோருக்கும் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

## நான்காம் வழி: காஸ்டிங் பட்டறையில் கொடுத்து வாங்குதல்

உருவத்தை நீங்களே மெழுகில் செய்யலாம். வார்ப்பை மட்டும் பட்டறைக்கு விடலாம். இது குறைவான வழி என்று தயங்குவோர் உண்டு. எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. கை வண்ணம் மெழுகில்தான் இருக்கிறது. திருப்பூர்ப் பெண்ணின் மெட்டிக்கு இதுவே சரியான வழி: ஒரு மெட்டியை மட்டும் பழுதறச் செய்து, அதிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, அந்த அச்சில் எத்தனை மெழுகு வேண்டுமானாலும் ஊற்றி, மரக்கிளைபோல் ஒன்றாக ஒட்டி ஒரே நேரத்தில் வார்த்துவிடுவார்கள். நாற்பது மெட்டியை மண்ணில் ஒவ்வொன்றாக வார்த்து அராவுவது வாரக்கணக்கான உழைப்பு.

கேட்டுத் தெளிய வேண்டியவற்றை முதலிலேயே கேளுங்கள். குறைந்தது எத்தனை கிராம் வார்ப்பார்கள், சேதாரம் எவ்வளவு கழிப்பார்கள், வெட்டி எடுத்த கிளை வெள்ளி யாருக்கு, மெருகு கூலி தனியா என்பவை வழக்கமான கேள்விகள். பலரும் கேட்க மறப்பது ரப்பர் அச்சு யாரிடம் இருக்கும் என்பது. நான் ஒருமுறை கேட்காமல் விட்டு, என் வடிவத்தையே சில மாதங்கள் கழித்து ஒரு கடைக் கண்ணாடிக்குள் பார்த்தேன். அச்சுக்கான கூலி கொடுத்தால் அச்சு உங்களுடையது. கையோடு வாங்கி வந்துவிடுங்கள். விற்பதாயின் ஒன்றை எடுத்து டச் பார்த்துக்கொள்வதும், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்று சோதித்துக்கொள்வதும் அவசியம். 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும் தனி அடையாள எண்ணுடன் ஹால்மார்க் முத்திரை, விருப்பத்தின்பேரில் கிடைக்கிறது; முத்திரையோடு விற்கும் மெட்டிக்கு வாங்குவோர் நம்பிக்கை கூடும்.

## எந்தப் பொருளுக்கு எது

| பொருள் | ஏற்ற வழி | காரணம் |
|---|---|---|
| தட்டைப் பதக்கம், பட்டை மோதிரம், ஒன்றிரண்டு | எண்ணெய் மண் | மாதிரி நேராகக் கழன்று வரும். மண் மிஞ்சும் |
| வரியோடிய கனத்த மோதிரம், ஒன்று | கடல்நுரை | வரிகளே அழகு. முதலீடு மிகக் குறைவு |
| உட்குடைவுள்ள பூ, மயில், சிறு தெய்வ உருவம் | மெழுகு உங்களது, வார்ப்பு பட்டறையது | நுணுக்கம் வேண்டும். ஒன்றுக்காகச் சூளை வாங்க வேண்டாம் |
| மெட்டி, தோடு, பத்து ஜோடிக்கு மேல் | ரப்பர் அச்சு, பட்டறை | எல்லாம் ஒரே அளவில் வரும் |
| கொலுசு, அரைஞாண் கொடி, சங்கிலி | வார்ப்பே வேண்டாம் | கம்பி இழுத்துச் செய்தால்தான் வளையும், உழைக்கும் |

## பழைய வெள்ளியை உருக்கும்போது

கோபி வாசகரின் தண்டைக்குத் தனியாகவே எழுத வேண்டும். தண்டை பெரும்பாலும் உள்ளீடற்றது, உள்ளே பரல் இருக்கும். மூடிய குழலை அப்படியே சுடரில் காட்டினால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து வெடிக்கும். முதலில் ரம்பத்தால் துண்டு துண்டாக வெட்டித் திறந்து, பரலையும் அழுக்கையும் நீக்கியாக வேண்டும்.

அடுத்தது இன்னும் முக்கியமானது. தண்டையின் துண்டுகளை இணைக்கப் பற்றவைத்த பொடியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கக்கூடும். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், வெள்ளி உருகுவதற்கு முன்பே அதன் ஆவி எழும்பிவிடும். அதை மூச்சில் இழுத்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல்போலத் தொடங்கி நுரையீரலைக் கடுமையாகத் தாக்கும். ஆகவே டச் பார்க்கும் கடையில் கொடுத்து, தண்டையின் உடலையும் பற்றவைத்த இடங்களையும் தனித்தனியாகச் சோதித்து, காட்மியம் காட்டுகிறதா என்று கேளுங்கள். காட்டினால் வீட்டில் உருக்கவே வேண்டாம்.

காட்டாவிட்டாலும் வெள்ளியின் தரம் உங்களைத் திகைக்க வைக்கலாம். 60 கிராம் தண்டை 75 டச் என்று வந்தால், அதை 92.5 ஆக்க 140 கிராம் தூய வெள்ளி சேர்க்க வேண்டும். அப்போது கையில் இருப்பது 200 கிராம், அதில் அம்மாயியின் உலோகம் மூன்றில் ஒரு பங்குகூட இராது. அப்படிச் செய்யாமல் உள்ளபடியே வார்க்கலாம். 75 டச் வெள்ளி தூய வெள்ளியைவிட வெகு குறைந்த சூட்டில் உருகி நன்றாகவே ஓடும். சற்று மஞ்சள் சாயலாக இருக்கும், விரைவில் கறுக்கும், 92.5 என்று முத்திரையிட முடியாது. விற்பனைக்கு அல்லாமல் பிள்ளைகளுக்கு அணிவிக்கச் செய்பவருக்கு இவை தடைகளல்ல.

மூன்று பதக்கமும் 10 கிராம் அளவில் இருந்தால் 60 கிராம் போதும். மூன்றையும் ஒரே நாளில் வார்க்காமல், முதல் பதக்கத்துக்கு 22 கிராம் எடுத்து வார்த்து, வெட்டிய குமிழை மீதியோடு சேர்த்து இரண்டாவது, அவ்வாறே மூன்றாவது என்று எண்ணெய் மண்ணில் போகலாம். தண்டையின் திருகை மட்டும் உருக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளுமாறு அவரிடம் சொல்லியிருக்கிறேன். அதன் மறையில் (திருகுப் புரியில்) அம்மாயியின் விரல் பட்டுத் தேய்ந்த பளபளப்பு இன்னும் இருக்கிறதாம். மூத்த பிள்ளையின் பதக்கத்துக்கு அதையே கொக்கியாகப் பற்றவைக்க ஏதேனும் ஒரு பத்தர் மனமுவந்து செய்து கொடுப்பார்.